ட்ரோலிங் மோட்டாரில் ட்ரான்ஸ்டியூசர் மாட்டிய அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கரையோர நாணல்

வெள்ளிக்கிழமை இரவு கராஜில் வைத்து மாட்டினேன். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கேபிள் போய்விட்டது. இரண்டு வாரமாக அதே நினைப்பு. எழுதினாலாவது ஆறும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இடம் ஒன்டாரியோவில் ரைஸ் லேக். 16 அடி அலுமினியப் படகு, முனையில் ட்ரோலிங் மோட்டார், அதாவது படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின்மோட்டார். பொத்தானை அழுத்தினால் தானே திரும்பித் திரும்பிப் படகை ஒரே இடத்தில் நிறுத்தும் ஜிபிஎஸ் நங்கூரமும் அதில் உண்டு. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்ட உதவும் சோனார் கருவிதான் ட்ரான்ஸ்டியூசர். அதை மோட்டாரின் வயிற்றுக்குக் கீழே ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக நாடா) போட்டு இறுக்கினேன். கேபிளை ஷாஃப்டின் (மோட்டாரைத் தாங்கும் தண்டின்) அடியில் நாலு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டுக் கட்டி, அங்கிருந்து படகின் முனைக்கு ஏற்றி, தளத்தில் இன்னொரு ஜிப் டையால் அழுத்திப் பிடித்தேன். இரண்டு இடத்துக்கும் நடுவே இரண்டு அடி தொய்வு. மோட்டாரைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன், போதுமானதாக இருந்தது. அது திரும்பும் என்பதை யோசிக்கவே இல்லை.

காலையில் படம் அவ்வளவு தெளிவு. 11 அடித் தண்ணீரில் களை முடிகிற விளிம்பும், அதற்கு அப்பால் வெறுந்தரையும் தனித்தனியாகத் தெரிந்தன. மாமா அங்கேயே நிறுத்தச் சொன்னார், நங்கூரப் பொத்தானை அழுத்தினேன். காற்று திசை மாறி மாறி அடித்தது. படகை ஒரே இடத்தில் நிறுத்த மோட்டார் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தபோது அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி ஏறினதுபோல் கேபிள் ஷாஃப்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. தொய்வு முழுவதும் தீர்ந்துவிட்டது. ஜிப் டை பிடித்திருந்த வளைவில் கருப்பு உறை விறைத்து, வெளுத்து, முடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அதை நன்றாகவே பார்த்தேன். ஆனால் மாமாவின் தூண்டிலில் ஒரு பாஸ் மீன் இழுத்துக்கொண்டிருந்தது, அதை முதலில் ஏற்றிவிடலாம் என்று வலையை எடுத்தேன். மீன் படகுக்குள் வந்தது. நாலாவது சுற்றில் "டிக்" என்று சின்னதாக ஒரு சத்தம். திரையில் சோனார் இணைப்பு இல்லை என்று எழுத்து வந்தது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எவ்வளவு தொய்வு விடுகிறீர்கள்?

டாலஸ் தூண்டில்

எனக்குச் சுற்றியதில்லை, மோதியது. லேக் ஃபோர்க் போனவர்களுக்குத் தெரியும், பாதி ஏரி பட்ட மரம்தான். அணை கட்டியபோது மரங்களை வெட்டாமல் மீனுக்கென்றே விட்டுவைத்தார்கள். டெக்சாஸின் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அங்கே பிடிபட்டதுதான், இன்னும் அந்தச் சாதனை நிற்கிறது. அந்த மரங்களை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் போகிறோம், ட்ரான்ஸ்டியூசரையும் அவற்றிடமே கொடுத்துவிட்டு வருகிறோம்.

அன்றைக்கு 22 அடி ஆழத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். கீழே எதிலோ இடித்து படகு ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த நொடி திரையில் ஆழம் 3 அடி. கரை தட்டிவிட்டது என்று பயந்து மோட்டாரைத் தூக்கினேன். சுற்றிலும் கருப்புத் தண்ணீர், மேடு எதுவும் இல்லை. பார்த்தால் கிளாம்ப் கழன்று, ட்ரான்ஸ்டியூசர் கேபிளின் நுனியில் மல்லாந்து தொங்கிக்கொண்டிருந்தது. தலைகீழாகத் தொங்கி, மேலே பார்த்து ஒலி அனுப்பி, தண்ணீரின் மேற்பரப்பைத் தரை என்று காட்டியிருக்கிறது. அந்த 3 என்ற எண் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேபிளை ஷாஃப்டின் முன்பக்கம் கட்டியிருந்தேன். கிளை முதலில் அதைத்தான் பிடித்தது. இப்போது பின்பக்கம் கட்டுகிறேன்.

மினசோட்டா மணி

நாணல், உங்கள் பிரச்சினை தொய்வு என்பது சரி. ஆனால் தளத்தில் ஜிப் டை போட்டதுதான் மூலக் குற்றம். டாலஸ் நண்பருக்கும் அதேதான், அளவுக்கு மீறி இறுக்கினால் கிளாம்பின் திருகுப் பல் வழுக்கிவிடும். மரம் இடித்ததைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் சின்னது. மில் லாக்ஸ் ஏரியில் முதல் நாள், மோட்டாரை ஓட்டும் பெடலில் காலை வைத்தால் திரை முழுக்க நெல் தூவியதுபோல் புள்ளி. காலை எடுத்தால் சுத்தம். வைத்தால் புள்ளி, எடுத்தால் சுத்தம். ஒரு நாள் முழுக்க இதையே செய்தேன், மீன் பிடிக்கவே இல்லை.

புதிதாக மாட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாரின் வேகத்தைக் குறைக்க அதன் கட்டுப்பாட்டுச் சுற்று மின்சாரத்தை நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுதான் திரையில் புள்ளியாக விழும் இரைச்சல். அதனால் நடு வேகங்களில் புள்ளி அதிகம். முழு வேகத்தில் வெட்டு நின்றுவிடும், படம் திடீரென்று தெளியும். உங்கள் திரை அப்படி நடந்துகொண்டால் நோய் மின்சாரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஃபிஷ் ஃபைண்டருக்கு (சோனார் திரைக்கு) தனி பேட்டரி வையுங்கள், 12 வோல்ட்டில் சின்ன லித்தியம் ஒன்று போதும். மோட்டார் பேட்டரியிலிருந்து கிளை எடுக்காதீர்கள். ட்ரான்ஸ்டியூசர் கேபிளும் மோட்டாரின் மின்கம்பியும் ஒரே குழாயில் ஓடக் கூடாது. குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும் என்றால் நேர்குறுக்காகக் கடக்கட்டும். மிச்சக் கேபிளைச் சுருட்டி மின்கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சுருளே இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். நீளமாக இருக்கிறதே என்று வெட்டி ஒட்டாதீர்கள், உள்ளே இருக்கும் வலைக்கவசம் அறுந்தால் பழைய நிலைக்கு வராது. இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் இரண்டு வாங்கி, திரையின் மின்கம்பியில் ஒன்றும் ட்ரான்ஸ்டியூசர் கேபிளில் ஒன்றும் மாட்டிப் பாருங்கள். அப்புறம் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்தால் அதிர்வு வரும், சீலும் கெடும். நான் மாதம் ஒரு முறை கழற்றுகிறேன்.

டாலஸ் தூண்டில்

மணி சார், கிளாம்ப் வழுக்கவில்லை. நாடாவே வளைந்து பிளந்திருந்தது, இன்னும் கராஜில் வைத்திருக்கிறேன். அந்த ஏரியில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்லுங்கள்.

நெடுந்தீவான்

மணி அண்ணை, நீங்கள் சொன்ன மின்சாரக் கதை உண்மைதான், ஆனால் எல்லாத்துக்கும் அதையே மருந்தாகச் சொல்லக் கூடாது. நானும் உங்களைப் போல ஒருவரின் சொல் கேட்டுத் தனி பேட்டரி வாங்கினேன், வளையம் வாங்கினேன், வயரை எல்லாம் பிரித்துத் திரும்ப ஓட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

சிம்கோ ஏரி, கெம்பன்ஃபெல்ட் குடா. ஏரியின் ஆக ஆழமான பக்கம் அது, 41 மீட்டர் வரை போகும். லேக் ட்ரவுட் மீன் தேடிப் போனோம். முன்னோக்கிப் பார்க்கிற சோனார், ஷாஃப்டில் மாட்டினது, அன்றைக்குத்தான் முதல் நாள். படம் மங்கல், பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி. பின்னேரம் இரண்டு மணி மட்டும் அப்படியே. மச்சான் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

கோபத்தில் மோட்டாரைத் தண்ணீரின் மேல்மட்டம் மட்டும் தூக்கிக் குனிந்து பார்த்தேன். ட்ரான்ஸ்டியூசரின் முகத்தில் சோடாப் போத்தலின் உள்பக்கம் மாதிரிக் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ், நெருக்கமாக, முகம் முழுக்க. புது பிளாஸ்டிக்கில் தொழிற்சாலை எண்ணெய்ப் பசை இருக்கும், தண்ணீர் அதில் ஒட்டாது, காற்றுத்தான் ஒட்டும். கையுறையைக் கழற்றிப் பெருவிரலால் ஒரு தரம் வழித்தேன். திரும்பக் கீழே இறக்கினதும் திரை திறந்தது. 60 அடிக்கு முன்னால் தரையை ஒட்டி இரண்டு மீன், ஒன்றின் பின்னால் ஒன்று, வால் அசைகிறது வடிவாகத் தெரிந்தது. மச்சான் ஒன்றும் கதைக்கவில்லை, தூண்டிலை எடுத்துப் போட்டார். அந்த மீன்கள் எடுக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்தத் திறப்பை நான் மறக்க மாட்டேன்.

இப்ப ஒவ்வொரு தரமும் இறக்க முதல் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டுத் துடைக்கிறேன். ஒலிக்குக் காற்று சுவர் மாதிரி, மெல்லிய படலமே போதும் மறைக்க. முதலில் இதைப் பாருங்கள், பேட்டரிக் கடைக்குப் பிறகு போகலாம்.

குளச்சல் வள்ளம்

எங்கள் பக்கம் ட்ரோலிங் மோட்டார் கிடையாது. அண்ணனின் ஃபைபர் வள்ளத்தில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, மண்ணெண்ணெயில் ஓடுவது. எழுதலாமா என்று யோசித்தேன், காற்றைப் பற்றி நெடுந்தீவு அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் எழுதிவிட்டேன்.

ட்ரான்ஸ்டியூசரைப் பின்பக்கம் மாட்டினால் அவுட்போர்டின் நுரையில் ஒன்றும் தெரிவதில்லை. வலையும் மாட்டுகிறது. அதனால் வள்ளத்துக்கு உள்ளேயே, அடிப்பலகையில் எபாக்சிப் பசை ஊற்றி ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். ஒலி ஃபைபரைத் துளைத்துக்கொண்டு போகும். முதல் தடவை அவசரமாகக் கலக்கி ஊற்றினோம், உள்ளே காற்று மாட்டிக்கொண்டது. மறுநாள் கடலில் ஆழம் இரண்டு பாகம் (பாகம் என்றால் இரு கையும் விரித்த நீளம்) தாண்டினதும் திரையில் எண் காணாமல் போனது. உளியால் சுரண்டி எடுத்தோம், நல்லவேளை ட்ரான்ஸ்டியூசர் பிழைத்தது.

இரண்டாவது தடவை ஒட்டுவதற்கு முன்னால் இடம் தேடினோம். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அதை அடிப்பலகையில் வைத்து, அதன்மேல் ட்ரான்ஸ்டியூசரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். மண்ணெண்ணெய் வாடை, முட்டி வரை அழுக்குத் தண்ணீர். ஒரு பக்கம் அண்ணன் திரையைப் பார்த்துச் சொல்கிறான், மறுபக்கம் அப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கை விரித்து அளக்கிறார். "ஏழு பாகம்" என்கிறார் அப்பா. "ஏழு" என்கிறான் அண்ணன். நான் ஒரு சாண் நகர்த்துகிறேன். "போச்சு." இன்னும் ஒரு சாண். "ஏழு, ஏழு, நிக்குது." கையை எடுக்காமல் அந்த இடத்தைச் சுற்றி ஆணியால் கீறினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, ஒரு வயர்கூட வெளியே இல்லை.

நாணல் அண்ணே, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். திரும்புகிற மோட்டாரில் கட்டினால் கேபிள் சுற்றத்தானே செய்யும்? உள்ளே ஒட்டிவிடலாமே?

டாலஸ் தூண்டில்

தம்பி, நாணலின் படகு அலுமினியம். ஃபைபரில் போகிற மாதிரி அதில் போகாது. ஃபைபரிலும் நடுவில் நுரையடைப்பு வைத்த படகு என்றால் போகாது.

அப்புறம் ஏன் மோட்டாரில் என்றால், நாங்கள் முனையில் நின்று மீன் பிடிக்கிறோம். ட்ரான்ஸ்டியூசரின் பார்வை கூம்பு மாதிரி. 20 டிகிரிக் கூம்பு என்றால் 15 அடி ஆழத்தில் தரையில் 5 அடி வட்டம்தான் தெரியும். அது படகின் பின்னால் ஒட்டியிருந்தால் என் காலடியில் இருக்கும் மரக்குவியலை நான் கடந்துபோன பிறகுதான் பார்ப்பேன். ஆனால் மோட்டாரில் இருப்பதை மட்டும் நம்பி வேகமாக ஓட்டவும் முடியாது, அதைத் தூக்கி வைத்ததும் ஆழம் தெரியாது. பின்னால் இன்னொன்று எனக்கு இருக்கிறது.

ஹூஸ்டன் மீனாட்சி

இந்தக் கூம்புக் கணக்கில் நானும் ஒரு வருடம் ஏமாந்தேன். முனையில் ட்ரான்ஸ்டியூசர் மாட்டிவிட்டோம், ஆனால் ஜிபிஎஸ் கன்சோலில் (படகு ஓட்டும் இடத்தில்), சுமார் 10 அடி பின்னால். மரக்குவியலைப் பார்த்ததும் குறி போடுவேன். மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அந்தக் குறிமேல் படகை நிறுத்துவேன், கீழே வெறும் மணல். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 10, ஆகமொத்தம் 20 அடி விலகல். மரத்தை யாரோ இழுத்துப் போய்விட்டார்கள் என்று என் கணவரிடம் சண்டையே போட்டேன். ஒரு நாள் படகை அதே இடத்தில் அரைவட்டம் திருப்பியபோது, திரையில் படகின் குறி இரண்டு அங்குலம் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். மறுவாரமே முனையில் திரைக்குப் பக்கத்தில் தனி ஜிபிஎஸ் மாட்டிவிட்டோம்.

மினசோட்டா மணி

டாலஸ் நண்பரே, அந்தக் கிளாம்பின் படத்தைப் போடுங்கள், பார்க்க ஆசை. நாடா பிளந்தது என்றால் மரம்தான், நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஜிப் டை பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

கரையோர நாணல்

எல்லோருக்கும் நன்றி. புதுக் கேபிள் வந்தது, நேற்று மாட்டினேன். கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன், டாலஸ் நண்பர் சொன்னபடி கேபிள் ஷாஃப்டின் பின்பக்கம். படகு டிரெய்லரில் இருக்கும்போதே மோட்டாரை இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் இரண்டு சுற்று கையால் திருப்பி, அதற்குத் தேவைப்பட்ட தொய்வை அளந்தேன். நாலரை அடி வந்தது. தளத்தில் ஜிப் டைக்குப் பதில் வெல்க்ரோ. மணி சார், அது நீங்கள் சொன்னதற்காக. கேபிள் இழுபட்டால் முதலில் வெல்க்ரோ விடும், இணைப்பு தப்பிக்கும். ஷாஃப்டின் மேல்பகுதியில் வெள்ளை டேப் ஒரு கோடு ஒட்டியிருக்கிறேன், நின்ற இடத்திலிருந்தே எத்தனை சுற்று ஆனது என்று எண்ணலாம்.

அறுந்த கேபிளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அந்த வெளுத்த வளைவைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். வலைக்கவசம் பாதிக்கு மேல் பச்சையாகக் களிம்பேறி இருந்தது. உறை முன்பே எங்கோ கீறி, கராஜில் கிடந்த இரண்டு வாரத்தில் ஈரம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். மாமாவிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு வலையைக் கேட்டது நான்தானே" என்றார். நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அவருக்கும் அது இரண்டு வாரமாக ஓடியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம், அவர் முனையில் உட்கார்ந்து டேப்பை எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.