பாட்டுக்கு நடுவில் ஊய்ங் என்று வருவது ரிப்பேரா, ரெக்கார்டிங்கே அப்படியா?

மண்டபம்_நைட்ஷிப்ட்:
ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. படகுகள் தொழிலுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி கம்ப்ரசர் விடிய விடிய ஓடும். அந்த இரைச்சலுக்கு மேல் நிற்கிற பாட்டுதான் எனக்குப் பாட்டு, மெலடியெல்லாம் அமுங்கிவிடும். அப்படித் தேடி மாட்டியதுதான் பிரிட்டிஷ் பாடகர் மார்க் ஸ்டூவர்ட் 2012இல் போட்ட 'தி பாலிடிக்ஸ் ஆஃப் என்வி' ஆல்பம். மனுஷன் பாடுவதில்லை, சண்டைக்கு வருகிறார்.

அதில் 'வேனிட்டி கில்ஸ்' பாட்டில் ஒரு விசில் நெளிகிறது. தாத்தா இலங்கை வானொலிக்காக முள்ளைத் திருப்பும்போது இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஊளையிடுமே, அதே சத்தம். ஹெட்செட் பிளக்கைத் துடைத்துத் துடைத்துக் குத்திப் பார்த்தேன், போகவில்லை. யாருக்காவது தெரியுமா?

தொண்டி ரேடியோக்கடை:
தம்பி, ஹெட்செட்டை விடுங்கள், உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. அது தெரெமின் என்கிற எலெக்ட்ரானிக் வாத்தியம். சினிமா எடுத்த கென்னத் ஆங்கர் வாசித்தது. உள்ளே இரண்டு ஆசிலேட்டர், அதாவது அதிர்வலை உண்டாக்கும் சர்க்யூட். ஒன்றின் அதிர்வெண் அசையாது, இன்னொன்றின் அதிர்வெண் ஏரியல் பக்கம் கையைக் கொண்டுபோனால் கொஞ்சம் விலகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் விழும் சத்தம். கருவியைத் தொடவே வேண்டாம். மீடியம் வேவில் ராத்திரி இரண்டு ஸ்டேஷன் மோதி ஊளையிடுவதும் இதே கணக்குதான். அந்த ஊளை போகவில்லை என்று செட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்!

கீழக்கரை_பேஸ்:
அந்த ஆல்பத்தின் ஆள் பட்டியலைப் பார்த்தீர்களா? கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும்' போட்ட மாதிரி. பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவில் கிதார் வாசித்த கீத் லெவீன், ஸ்லிட்ஸ் குழுவின் பேஸ் கிதார்காரர் டெஸ்ஸா பாலிட், ரெயின்கோட்ஸ் குழுவின் ஜினா பிர்ச், பங்க் ராக் பாடகர் ரிச்சர்ட் ஹெல், ஜமைக்காவிலிருந்து ரெக்கே இசைக்காரர் லீ ஸ்க்ராட்ச் பெர்ரி. பேருக்காகக் கூப்பிட்ட கூட்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்டூவர்ட் 1977இல் பிரிஸ்டலில் 'தி பாப் குரூப்' என்ற இசைக்குழுவை ஆரம்பித்தவர்; 1979இல் வந்த முதல் ஆல்பத்துக்கே ரெக்கே ஆளான டெனிஸ் போவெலைத்தான் தயாரிப்பாளராக வைத்தார். பங்க்காரர்களும் ரெக்கேக்காரர்களும் அவர் வீட்டுக்குப் பழைய ஆட்கள், விருந்தாளி இல்லை. எனக்கு ஒரே குறை, பேஸை இன்னும் மேலே ஏற்றியிருக்கலாம்.

அப்புறம், டேவிட் போவி 1969இல் வெளியிட்ட 'லெட்டர் டு ஹெர்மியோன்' பாட்டை இதில் ஸ்டூவர்ட் திரும்பப் பாடியிருக்கிறார். விட்டுவிடாதீர்கள்.

மண்டபம்_நைட்ஷிப்ட்:
நன்றி அண்ணே. பிளக் துடைத்தே ஒரு பனியன் போச்சு. நேற்று ராத்திரி மறுபடி போட்டேன். இப்போது அந்த விசில் வரும்போது ஒரு கை காற்றில் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது, வேலை ஓடவில்லை.

கீழக்கரை நண்பரே, போவி பாட்டு கம்ப்ரசரிடம் தோற்றுவிட்டது, ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். 61 நாள் இங்கே இரைச்சல் குறைவு. அப்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன்.