அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ரிபப்ளிக் ஆஃப் டாயில் சரிப்படுமா?

மொட்டைமாடி:

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை டிவி எனக்கும் அம்மாவுக்கும் பொது. அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். துப்பறியும் கதை என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார், ஆனால் பிணத்தை மேசையில் போட்டு அறுப்பதைக் காட்டினால் எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரம் உருட்ட ஆரம்பித்துவிடுவார். இப்போது வருகிற தொடர்கள் முக்கால்வாசி அந்த ரகம். முதல் காட்சியிலேயே காட்டுக்குள் ஒரு உடல், ஓயாத மழை, சிரிக்கவே தெரியாத ஒரு போலீஸ்காரர், அவருக்குக் குடிப்பழக்கம், விவாகரத்து. பார்த்து முடித்தால் எனக்கே தூக்கம் வருவதில்லை.

ஆபீசில் ஒருவர் ரிபப்ளிக் ஆஃப் டாயில் பாருங்கள் என்றார். கனடா தொடர், 2010இல் ஆரம்பித்து 2014 டிசம்பரில் முடிந்ததாம். அப்பாவும் மகனும் சேர்ந்து தனியார் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறார்கள், வீட்டில் எல்லாருக்கும் அதில் ஒரு வேலை, சிரிப்பும் உண்டு என்று சொன்னார். 6 சீசன், 77 எபிசோட். 77 என்றதும்தான் யோசனை வந்தது. ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினால் அம்மா என்னைச் சும்மா விட மாட்டார்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே குடும்பக் கதையா, இல்லை பெயருக்கு ஒரு அப்பாவை உட்கார வைத்திருக்கிறார்களா? அவசரமாக ரிமோட்டைத் தேட வைக்கும் காட்சிகள் எத்தனை? அப்புறம் அந்த ஊர் இங்கிலீஷ் புரியுமா? எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்ல வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது.

ஸ்காபரோவாசி:

தாராளமாகப் பாருங்கள். நாங்கள் இதை ஓடிய காலத்திலேயே சிபிசியில் பார்த்தோம், புதன்கிழமை இரவுகளில், அப்பா அம்மா அக்கா நான் எல்லோரும் ஒரே சோபாவில். எங்கள் வீட்டில் நால்வருக்கும் பிடித்த ஒரே ஆங்கிலத் தொடர் அதுதான்.

கதை நியூஃபவுண்ட்லாந்து தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் நடக்கிறது. மாலக்கி டாயில் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், எதையும் ஒழுங்கு முறையாகச் செய்ய நினைப்பவர். மகன் ஜேக் எதையும் யோசிக்காமல் கதவை உடைத்துக்கொண்டு போகிறவன், கல்யாணம் முறிந்த நிலையில் அப்பாவின் வீட்டிலேயே இருக்கிறான். மாலக்கியின் துணைவி ரோஸ், ஜேக்கின் தாய் இல்லை, ஆனால் அலுவலகம் ஓடுவது அவரால்தான். டின்னி பேத்தி, ஜேக்கின் சகோதரனுடைய மகள், தகப்பன் பொறுப்பில்லாமல் சுற்றுவதால் தாத்தாவோடு வளர்கிறாள். டெஸ் என்று ஒரு பெடியன், வெளியாள், சின்னச் சின்ன வம்புகளில் மாட்டியவன், கணினி வேலை தெரியும் என்பதால் ஒட்டிக்கொண்டு கடைசியில் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவான். ஆகவே அப்பா பெயருக்கு உட்கார்ந்திருக்கவில்லை. முக்கால்வாசி வழக்குகளில் குற்றவாளியோடு நடக்கிற சண்டையைவிட அப்பாவுக்கும் மகனுக்கும் நடக்கிற சண்டைதான் பெரிது.

ரிமோட் பிரச்சினை பெரிதாக இல்லை. ஜேக் பெண்களைக் கண்டால் வழிவான், முத்தங்கள் உண்டு, ஆனால் சிபிசி பொதுத் தொலைக்காட்சி, குடும்பங்கள் பார்க்கிற நேரம், அதற்கு மேல் போகாது. கொலை உண்டு, அறுவை இல்லை.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் வீட்டில் நியூஃபவுண்ட்லாந்து என்ற பெயரை நாங்கள் கேள்விப்பட்டது இந்தத் தொடரால் இல்லை. 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அந்தக் கரைக்கு அருகில் நடுக்கடலில் தத்தளித்தபோது, அங்கத்தைய மீனவர்கள்தான் கண்டு காப்பாற்றினார்கள். தொடரில் கடல் வரும்போதெல்லாம் அப்பா அந்தக் கதையைத் தொடங்கிவிடுவார், அக்கா "ஐயோ அப்பா, யார் கொலைகாரன் என்று பார்க்க விடுங்கோ" என்பாள்.

பழையசேனல்:

எல்லாரும் புகழ்வதற்குள் நான் ஒரு கல்லைப் போட்டுவிடுகிறேன். இரண்டு சீசன் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

முதலில், இது புதுசு இல்லை. 1974 முதல் 1980 வரை ஓடிய அமெரிக்கத் தொடர் ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும். அதிலும் அடி வாங்கிக்கொண்டே இருக்கும் துப்பறிவாளர், அதிலும் கூடவே ஒரு அப்பா, அதிலும் பாண்டியாக் கார். அங்கே ஃபயர்பேர்ட், இங்கே 1968 ஜிடிஓ, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, ஜேக் துப்பறிவதே இல்லை. ஓடுகிறான், மேட்டில் ஏறி ஓடுகிறான், பள்ளத்தில் இறங்கி ஓடுகிறான், யாரிடமாவது குத்து வாங்குகிறான், அப்புறம் லெஸ்லி பென்னட் என்ற போலீஸ் சார்ஜென்ட்டிடம் போய் வழிந்து கோப்பில் இருக்கும் தகவலைக் கறக்கிறான். பாதி எபிசோட் தாண்டுவதற்குள் கொலைகாரர் யார் என்று நான் சொல்லிவிடுவேன், கணக்கு டீச்சர் அதற்கும் முன்னாலேயே சொல்லிவிடுவார். ஆலன் ஹாக்கோ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர், எழுதினார், தயாரித்தார், ஹீரோவும் அவரே. அதனால் கேமரா அவர் முகத்தை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. ஜேக்–லெஸ்லி இன்று சேர்வார்களா நாளை சேர்வார்களா என்று இழுக்கிற இழுப்பு நம் ஊர் மெகாசீரியலுக்குக் கொஞ்சமும் குறையாது.

கடைப்பையன்:

பழையசேனல் சார், கொலைகாரர் யார் என்பது சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராக்ஃபோர்ட் ஒப்பீடு பாதிதான் சரி. அதில் அப்பா லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். மகன் செய்வது உருப்படாத தொழில், வேறு வேலைக்குப் போடா என்று சொல்கிறவர். இங்கே அப்பாதான் முதலாளி, தொழிலைக் கற்றவர், போலீஸ்காரராக இருந்தவர். மகன் அவரிடம் பங்காளி என்று பேர், சம்பளக்காரன் மாதிரி நடத்தப்படுகிறான். இந்த ஒரு மாற்றத்தில் மொத்த நாடகமும் மாறிவிடுகிறது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால் நானும் அப்பாவும் ஒரே கடையில் பதினோரு வருஷமாக இருக்கிறோம். மோட்டார் காயில் கட்டுகிற கடை. காலையில் வீட்டில் சட்னியில் உப்பு இல்லை என்று ஆரம்பித்த பேச்சு கடை ஷட்டரைத் தூக்கும்போது "நேத்து அந்த ரெண்டு எச்பி மோட்டாரை ஏன் முன்பணம் வாங்காமல் எடுத்தே" என்று முடியும். கஸ்டமர் முன்னால் திட்டுவார், கஸ்டமர் போனதும் டீ வாங்கி வரச் சொல்லி எனக்கும் ஒன்று சேர்த்துச் சொல்வார், அதுதான் சமாதானம். இந்தத் தொடரில் மாலக்கியும் ஜேக்கும் காரில் உட்கார்ந்து யாரையோ கண்காணிக்கிற காட்சிகளைப் பாருங்கள். எதிர் வீட்டுக் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் எங்கிருந்தோ பழைய குடும்பக் கணக்கு ஒன்று நுழையும், ஒருத்தர் முகம் சுருங்கும், அதற்குள் சந்தேக ஆசாமி வெளியே வந்துவிடுவான், இறங்கி ஓட வேண்டும். பேச்சு முடியவே முடியாது. எங்கள் கடையில் போன் அடிப்பது மாதிரி.

ஷான் மெக்கின்லி அந்த அப்பாவை அலட்டாமல் செய்கிறார். கோபம் வந்தால் குரலைக் குறைப்பார், கத்த மாட்டார். என் அப்பாவும் அப்படித்தான், அந்தக் குறைந்த குரலைக் கேட்டால் எனக்கு இப்போதும் கை நடுங்கும்.

டின்னியையும் கவனியுங்கள். ஆரம்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை, வளர வளர அவளுக்கும் இந்தத் தொழில்தான் ரத்தத்தில் என்று தெரிகிறது, கடைசியில் போலீஸ் வேலைக்கே போய்விடுகிறாள். தாத்தாவுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வருகிற இடம் எனக்குக் கொலை வழக்குகளை எல்லாம்விடப் பிடித்தது.

மொட்டைமாடி:

அடடா, இது போதும். ஆனால் உச்சரிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பனிமூட்டம்:

அதை நான் சொல்கிறேன், செயின்ட் ஜான்ஸில் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்தேன்.

முதல் வாரம் ஒன்றும் புரியாது. அந்தத் தீவுக்கு அயர்லாந்தின் தென்கிழக்குப் பக்கத்திலிருந்தும் இங்கிலாந்தின் தென்மேற்கிலிருந்தும் மீன்பிடிக்க வந்து குடியேறியவர்கள்தான் அதிகம், 1949 வரை கனடாவோடு சேரவும் இல்லை, அதனால் பேச்சு தனியாக நின்றுவிட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'பை' என்று ஒன்று போடுவார்கள். பையன் என்பதற்கான ஆங்கிலச் சொல்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது, திருநெல்வேலிக்காரர் வாயில் 'லே' வருகிற மாதிரி அன்பிலும் வரும் ஆத்திரத்திலும் வரும். மெக்கின்லி நிஜமாகவே அயர்லாந்துக்காரர், ஆனாலும் அந்தக் கூட்டத்தில் வேற்றாளாகத் தெரியாததற்கு இதுதான் காரணம். ஹாக்கோ உள்ளூர்க்காரர், பக்கத்திலிருக்கும் பெல் தீவில் பிறந்தவர். சப்டைட்டிலோடு பாருங்கள், பத்து எபிசோடுக்குப் பிறகு அணைத்துவிடலாம்.

ஊரை அப்படியே காட்டியிருக்கிறார்கள். வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயின்ட் அடித்த மர வீடுகள், துறைமுகத்திலிருந்து செங்குத்தாக ஏறும் தெருக்கள், தெருவுக்குத் தெரு இறங்கும் படிக்கட்டுகள், ஜேக் மூச்சிரைக்க ஓடுவது எல்லாம் அங்கேதான். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த முதல் வானொலிச் சமிக்ஞையைக் கேட்ட சிக்னல் ஹில் அடிக்கடி பின்னணியில் நிற்கும். டாயில் குடும்பம் போய் உட்காரும் ட்யூக் ஆஃப் டக்வொர்த் என்ற மதுக்கடை நிஜமான கடை. நான் அங்கே மீன் வறுவலுக்காக மட்டும் போவேன், வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு பொய், வானிலை. தொடரில் எப்போது பார்த்தாலும் வெயில் அடிக்கிறது, சுற்றுலா விளம்பரம் மாதிரி. நிஜத்தில் மூடுபனி, காற்று, பனி. 2020 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் 76 சென்டிமீட்டர் பனி கொட்டி, வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர் நின்றது அந்த ஊரில்தான். சாலையில் பனிக்கு உப்புக் கொட்டுவார்கள், அந்த உப்பில் 1968 ஜிடிஓ இரண்டு குளிர்காலம் தாங்காது, ஜேக் அதை எங்கே ஒளித்து வைக்கிறான் என்று அங்கே என் ரூம்மேட் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு தமாஷ். நம் நாட்டு நேரம் மாதிரி அந்தத் தீவின் நேரமும் கிரீன்விச் நேரத்திலிருந்து முழுமணியாக இல்லாமல் ஒரு அரைமணியும் சேர்த்துத்தான் வித்தியாசப்படும். அதனால் குளிர்காலத்தில் சென்னைக்கும் செயின்ட் ஜான்ஸுக்கும் சரியாக ஒன்பது மணி நேரம், கோடையில் எட்டு. வீட்டுக்குப் போன் பண்ண நான் கடிகாரமே மாற்ற வேண்டாம், மணியைக் கூட்டினால் போதும். கனடாவின் மற்ற ஊர்க்காரர்கள்தான் அந்த அரைமணியை வைத்துக் காலங்காலமாகக் கிண்டல் அடிக்கிறார்கள்.

ஸ்காபரோவாசி:

பனிமூட்டம் சொன்னது உண்மை, ரிவி விளம்பரத்திலேயே "நியூஃபவுண்ட்லாந்தில் அரைமணி பிந்தி" என்று சொல்லித்தான் முடிப்பார்கள்.

மூன்றாவது சீசன் முதல் எபிசோடைத் தவற விடாதீர்கள், ரஸல் குரோ வருகிறார். 2012 ஜனவரியில் வந்தது. இவ்வளவு சின்ன ஊர்த் தொடருக்கு இவர் எப்படி என்று எல்லோரும் வாய் பிளந்தோம். தலைப்புப் பாட்டு கிரேட் பிக் சீ என்ற உள்ளூர் இசைக்குழுவினது, அதில் பாடிய ஆலன் டாயில் குரோவுக்கு நண்பர், ராபின் ஹூட் படத்தில் சேர்ந்து நடித்தவர். அந்தப் படத்தில் நடித்த வேறு இரண்டு பேரையும் குரோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆலன் டாயிலும் தொடரில் ஒரு பாத்திரமாக வருவார், நிஜத்தில் டாயில் என்று பெயர் வைத்திருப்பவர் டாயில் குடும்பத்தில் இல்லாமல் வெளியாளாக நடிப்பது எங்கள் வீட்டில் பெரிய பகிடி.

எல்லாம் முடிந்த பிறகு பசித்தால், ஹாக்கோ 2025இல் செயின்ட் பியர் என்று ஒரு தொடர் கொண்டுவந்திருக்கிறார். அது நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் பிரான்சுக்குச் சொந்தமான குட்டித் தீவு, அங்கே பொலிஸ்காரராக வருகிறார். அதில் அப்பா இல்லை, அதுதான் குறை.

பழையசேனல்:

குரோ எபிசோடை நான் பார்க்கவில்லை. அதை மட்டும் பார்க்கிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றம் இல்லை.

மொட்டைமாடி:

நன்றி எல்லாருக்கும். வெள்ளியிலிருந்து ஐந்து எபிசோட் ஆகிவிட்டது. பழையசேனல் சொன்னது பலித்தது, ஐந்தில் நான்கில் அம்மா குற்றவாளியை முன்னாலேயே சொல்லிவிட்டார், ஐந்தாவதில் தப்பு, அன்றைக்கு முழுக்க எழுதினவனைத் திட்டினார். பாத்திரச் சத்தம் இதுவரை கேட்கவில்லை. முத்தக் காட்சி வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்கிறார், முடிந்ததும் மாட்டிக்கொள்கிறார், ஆகவே ரிமோட் தேவைப்படவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம், இங்கே கேட்கச் சொன்னார். போனை எடுப்பது ரோஸ், தகவலைத் தேடிக் கொடுப்பது ரோஸ், அப்பனும் மகனும் முறைத்துக்கொண்டால் நடுவில் நிற்பது ரோஸ். "அந்தம்மாவுக்கு அந்த ஏஜென்சியில் சம்பளம் உண்டா, இல்லையா?"

ஸ்காபரோவாசி:

77 எபிசோடும் பார்த்திருக்கிறேன், இதை ஒருநாளும் யோசிக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அவர் என்னைத்தான் முறைக்கிறார்.