21 சீட்டு வித்தையை மாணவருக்குச் செய்து காட்டுவது எப்படி?

கனகபுரத்து ஆசிரியை:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு நடத்தி வருகின்றேன். இம்முறை ஆண்டு விழாவில் நாடகம், பேச்சு ஆகியவற்றோடு கணிதம் சார்ந்த நிகழ்ச்சி ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். கைவேகமோ ஒளிப்பு மறைப்போ இன்றி, முறையைப் பிசகாமல் பின்பற்றினாலே தானாக முடிவுக்கு வந்துவிடும் சீட்டு வித்தைகளில் 21 சீட்டு வித்தைதான் எளிது என்று கேள்விப்பட்டேன். அதைச் செய்யும் முறையையும், அது ஏன் ஒருபோதும் தவறுவதில்லை என்பதையும் விளக்கமாக எழுத முடியுமா? காரணத்தைக் கேட்காமல் விடும் பிள்ளைகள் அல்ல என் மாணவர்கள். பிள்ளைகளின் கையில் சீட்டுக்கட்டு இருப்பதை விரும்பாத பெற்றோர் சிலரும் ஊரில் உள்ளனர். அவர்களுடைய மனம் நோகாமல் இதைச் செய்ய வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நெடுங்கேணி வாசகர்:

வணக்கம் ரீச்சர். ஏதாவது 21 சீட்டுகளை எடுத்து, முகம் மேலே தெரியும்படி, இடமிருந்து வலமாக மூன்று மூன்றாக இட்டுக்கொண்டு வந்தால் ஏழு நிரைகளும் மூன்று நிரல்களும் அமையும். பார்ப்பவர் மனத்துக்குள் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு, அது எந்த நிரலில் இருக்கின்றது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அந்த நிரலை மற்ற இரண்டுக்கும் நடுவே வைத்து, ஒழுங்கு குலையாமல் அடுக்கி, மறுபடியும் அதேபோல இட வேண்டும். இவ்வாறு மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் அவர் காட்டிய நிரலையே நடுவில் வைத்து அடுக்கினால், நினைத்த சீட்டு 11ஆவது இடத்தில் வந்து நிற்கும். 21 சீட்டுகளின் நடு 11 என்பதனால், மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் அதே சீட்டுத்தான் வரும்.

கவனிக்க வேண்டிய இடம் இடும் முறைதான். ஒரு நிரலுக்கு ஏழு சீட்டையும் போட்டு முடித்துவிட்டு அடுத்த நிரலுக்குப் போனால், நடுவில் வைத்த ஏழும் மீண்டும் நடு நிரலாகவே விழும். எத்தனை தடவை கேட்டாலும் புதிதாக எதுவும் தெரியவராது. நிரை நிரையாக இடும்போதுதான் அவை மூன்று நிரல்களுக்கும் பிரிகின்றன.

காரணம் இதுதான். முதல் தடவை நிரலைக் காட்டியதும், சந்தேகத்துக்குரிய சீட்டுகள் ஏழாகக் குறைந்து, கட்டில் 8 முதல் 14 வரையான இடங்களில் இருக்கின்றன. அவற்றை மீண்டும் இடும்போது 3ஆம், 4ஆம், 5ஆம் நிரைகளில் மட்டுமே விழுகின்றன. ஆகவே எந்த நிரலிலும் அவற்றுள் மூன்றுக்கு மேல் இருக்க முடியாது. இரண்டாவது தடவை அடுக்கியதும் எஞ்சியவை 10, 11, 12 ஆகிய இடங்களுக்குள் வந்துவிடும். மூன்றாவது தடவை இடுகையில் அந்த மூன்று இடங்களும் 4ஆவது நிரையில், நிரலுக்கு ஒன்றாக விழுகின்றன. அதாவது மூன்றாவது கேள்விக்கு விடை வந்த உடனேயே, காட்டிய நிரலின் நடுச் சீட்டுத்தான் அவர் நினைத்தது என்பது செய்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அதைச் சட்டென்று எடுத்துக் காட்டிவிடாதீர்கள். கட்டை முகம் கீழாகக் கையில் வைத்துக்கொண்டு, "முல்லைத்தீவு மாவட்டம்" என்று எழுத்துக்கு ஒரு சீட்டாகப் போட்டுக்கொண்டு போங்கள். முதற் சொல்லில் ஆறும் அடுத்த சொல்லில் ஐந்துமாக 11 எழுத்துகள். கடைசி மகர மெய்க்கு உரிய சீட்டைத் திருப்பினால் அதுதான் அவருடைய சீட்டு. மெய்யெழுத்துகளைத் தனியே எண்ண வேண்டும் என்பதை முன்னரே சொல்லிவிட்டு, எழுத்துகளைச் சபையோரைக் கொண்டே உரக்கச் சொல்ல வைத்தால், எல்லோருடைய கண்ணும் அந்தக் கடைசிச் சீட்டிலேயே நிற்கும். மறுநாள் வகுப்பில் காரணத்தைக் கரும்பலகையில் விளக்கிவிடலாம்.

அக்கராயன்குளத்தான்:

பெற்றோர் பற்றிய கேள்விக்கு என் கருத்தைச் சொல்கின்றேன். எங்கள் பகுதியில் கடதாசி என்றவுடன் 304 ஆட்டமும், மரநிழலில் காசு வைத்து ஆடுவதும்தான் பலருடைய நினைவுக்கு வரும். அவர்களுடைய பயத்தில் நியாயம் இருப்பதனால் அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. இந்த வித்தைக்கு ஸ்கோப்பனும் தேவையில்லை, ராசா ராணியும் தேவையில்லை. ஒன்றுக்கொன்று வேறுபட்ட 21 அட்டைகள் இருந்தால் போதும். பிரிஸ்டல் அட்டையை ஒரே அளவாக வெட்டி, வன்னியின் குளங்களை எழுதுங்கள்: இரணைமடு, அக்கராயன், வன்னேரி, கல்மடு, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, உடையார்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை. இது பத்துத்தான்; மிகுதியை மாணவரே பெரியவர்களிடம் கேட்டு நிரப்பட்டும். தாத்தாவிடம் போய்க் குளத்தின் பெயரைக் கேட்டுவரும் பிள்ளையின் வீட்டில் யாரும் இதைச் சூதாட்டம் என்று சொல்லமாட்டார்கள்.

குளத்தை நினைத்தவர் அதை அருகில் இருக்கும் ஒருவருடைய காதிலும் சொல்லி வைக்கட்டும். சின்னப் பிள்ளைகள் இடையில் மறந்துவிடுவதுண்டு. அப்படி மறந்து தவறான நிரலைக் காட்டினால் வித்தை பிழைத்துவிடும். வெளியில் செய்வதாக இருந்தால் சோளகக் காற்று அட்டைகளை அள்ளிக்கொண்டு போகாதபடி பாய் விரித்து, சுவர் மறைவில் இருங்கள்.

விசுவமடு கணிதப் பிரியன்:

முன்னவர்கள் இருவரும் எழுதியவை சரியானவை. எனினும் மேடைக்கு 21 சீட்டு பொருந்தாது என்று நினைக்கின்றேன். மூன்று தடவை இட வேண்டும் என்றால் மொத்தம் 63 தடவை சீட்டுப் போட வேண்டும். பாயைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது சுகமாக இருக்கும், பின்வரிசையில் கதிரையில் இருப்பவர்களோ பொறுமை இழந்துவிடுவார்கள். மேடையில் ஒன்பது அட்டைகளைக் கொண்டு செய்யுங்கள். மூன்று நிரை, மூன்று நிரல், இரண்டே கேள்விகள். முதல் தடவை அடுக்கியதும் காட்டிய நிரல் 4, 5, 6 ஆகிய இடங்களில் நிற்கும். அடுத்து இடும்போது அந்த மூன்றும் நடு நிரையில் நிரலுக்கு ஒன்றாகப் பிரியும். இரண்டாவது தடவை அடுக்கினால் நினைத்தது 5ஆவது இடத்துக்கு வந்துவிடும். "கிளிநொச்சி" என்ற பெயரில் எழுத்துகள் ஐந்து என்பது உங்கள் மேடைக்கு வாய்த்த கொடை. அட்டை ஒவ்வொன்றும் ஏ4 தாளின் அளவில் இருந்து, பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் மண்டபத்தின் கடைசி வரைக்கும் தெரியும்.

நெடுங்கேணி அண்ணா சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தை நாங்களே கரும்பலகையில் எழுதிக் காட்டக் கூடாது. விழா முடிந்ததும் அந்த ஒன்பது அட்டைகளையும் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொரு அட்டையும் எங்கிருந்து எங்கே போகின்றது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்பதில் காரணத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, ஏன் 21க்கு மூன்று கேள்விகள் தேவைப்படுகின்றன என்பதும் தானாகவே விளங்கும். ஒவ்வொரு விடையும் சந்தேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதனால், இரண்டு கேள்விகள் ஒன்பது வரைக்கும் போதும், மூன்று கேள்விகள் 27 வரைக்கும் போதும்.

அந்த 27இல்தான் இன்னும் அழகான ஒன்று இருக்கின்றது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஜெர்கோன் (1771–1859) ஆராய்ந்து பொதுமைப்படுத்திய வித்தை அது. 27 சீட்டுகளைக் கொண்டு செய்யும்போது, நினைத்த சீட்டை நடுவுக்கு மட்டுமல்லாமல், நாம் விரும்பிய எந்த இடத்துக்கும் கொண்டுவரலாம்.

கனகபுரத்து ஆசிரியை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மேடைக்கு ஒன்பது குளங்கள், வகுப்பில் பாய் விரித்து 21 குளங்கள் என்று தீர்மானித்துவிட்டேன். காரணத்தைப் பிள்ளைகளே தேடட்டும் என்பதும் எனக்குப் பிடித்திருக்கின்றது. 27 சீட்டில் விரும்பிய இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதையும் எழுதிவிடுங்கள் ஐயா. ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டு, அந்த எண்ணிலேயே குளத்தை எடுத்துக் காட்டினால் அவர்கள் மிகவும் மகிழ்வார்கள்.

விசுவமடு கணிதப் பிரியன்:

வயது 12 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒன்றைக் கழித்து, வரும் 11ஐ ஒன்பதுகளாகவும் மூன்றுகளாகவும் ஒன்றுகளாகவும் பிரியுங்கள்: ஓர் ஒன்பது, மூன்று இல்லை, இரண்டு ஒன்றுகள். இதனைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். முதல் தடவை அடுக்கும்போது காட்டிய நிரலுக்கு மேலே இரண்டு நிரல்கள் இருக்கட்டும், அதாவது அது அடியில் போகும். இரண்டாவது தடவை அதற்கு மேலே எதுவும் வேண்டாம், உச்சியில் வையுங்கள். மூன்றாவது தடவை மேலே ஒன்று, அதாவது நடுவில். இப்போது மேலிருந்து 12ஆவது அட்டை அந்தப் பிள்ளை நினைத்த குளமாக இருக்கும். 21 சீட்டில் போல இங்கே இரு புறமும் ஒன்றல்ல என்பதனால், ஒவ்வொரு நிரலையும் முதலில் முகம் கீழாகத் திருப்பி, முதலில் இட்ட அட்டை மேலே வருவதைப் பார்த்துக்கொண்ட பின்னரே அடுக்குங்கள்.