கலைச்சொல் தேவை: பெட்ரோல் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்பு

மஞ்சக்குப்பம், கடலூர்:

நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் பாடக்குறிப்பு போக வேண்டும். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கானது. எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்லில் நிற்கிறேன்: காரின் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருக்கும் மின்பம்பை என்னவென்று எழுதுவது?

கதை இதுதான். போன வாரம் ஒரு டர்போ பெட்ரோல் கார் வேலைக்கு வந்தது. ஓட்டுவதற்கென்றே ஆசையாக வாங்கிய, நல்ல இழுவை உள்ள வண்டி. மூன்றாவது கியரில் மிதித்தால் நாலாயிரம் சுற்றுக்கு மேல் மூச்சு வாங்குகிறது, பின் இருக்கைக்கு அடியில் கீச்சென்று ஓர் இரைச்சல் என்று வண்டிக்காரர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் கிளம்பவே இல்லை. சாவியைத் திருப்பினால் இரண்டு விநாடி கேட்க வேண்டிய மெல்லிய ரீங்காரம் இல்லை. ஃபியூஸ், ரிலே சரி. பம்பின் முனையில் 12 வோல்ட் வருகிறது. தொட்டியின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன், ஒரு முறை ஓடி நின்றது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்துபோயிருக்கிறது, பம்பு போய்விட்டது.

மாணவர்கள் சுற்றி நிற்க, பின் இருக்கையைத் தூக்கி வட்ட மூடியைத் திறந்தோம். அதற்கு முன்பே ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சினைச் சுற்றவிட்டுக் குழாயில் நின்ற அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகடிவைக் கழற்றியாயிற்று. பூட்டு வளையத்தை இரும்பால் தட்டக் கூடாது, பொறி பறக்கும். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினோம். மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்துத் தூக்கியபோது அடியில் இருந்த வலைப்பை கறுத்துப்போயிருந்தது. அப்போது ஒரு பையன் கேட்டான்: "சார், பெட்ரோலுக்குள்ளேயே கரண்ட் மோட்டாரா? பத்திக்காதா?"

நல்ல கேள்வி. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். தொட்டிக்குள் ஆவி அதைவிட மிக அடர்த்தி, எரியக் காற்று போதாது. மோட்டாரோ பெட்ரோலில் முழுகிக் கிடக்கிறது, உள்ளே காற்றே இல்லை. அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும். எனக்கு வேண்டிய சொல் இதைக் காட்ட வேண்டும்: அது எதில் கிடக்கிறது, ஏன் அதிலேயே கிடக்க வேண்டும். 'எரிபொருள் இறைப்பி' என்று எழுதிப் பார்த்தேன். அதில் இது வரவில்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

தம்பி, பம்புக்கு 'எக்கி' இருக்கும்போது வேறு தேட வேண்டாம். வயிற்றை எக்குகிறோம், உள்ளே இழுக்கிறோம். எக்கிப் பறிக்கிறோம், உடம்பை மேலே தள்ளுகிறோம். உறிஞ்சுவதும் உந்துவதும் ஒரே வினையில் கிடைக்கின்றன. பரிபாடலில் வையை நீராட்டில் அரக்கு நீரை எக்கி விளையாடுகிறார்கள். பீச்சுவதுதானே பம்பின் வேலை? அலை கரையில் ஏற்றிப்போட்ட மணலுக்கு 'எக்கர்' என்று பெயர். ஐங்குறுநூற்றின் ஞாழற் பத்தில் எக்கர் ஞாழல் திரும்பத் திரும்ப வருகிறது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அந்த மணலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோலுக்குக் 'கன்னெய்'. கல் + நெய். நல் + நூல் நன்னூல் ஆவதைப் போல. பெட்ரோலியம் என்பதன் பொருளும் கல்லெண்ணெய்தான். ஆக, 'கன்னெய் எக்கி'. தொட்டிக்குள் இருப்பதால் 'கன்னெய் உள்ளெக்கி'. முடிந்தது.

திருப்பாதிரிப்புலியூர்:

ஐயா, நான் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். 'கன்னெய் உள்ளெக்கி' என்று ஒரு பையன் சீட்டு எழுதிக்கொண்டு வந்தால் எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. பம்பு என்றால் தெரியும். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கடைப் பலகையே முழுக்கத் தமிழ்தான். ஆனால் அந்தப் பையன் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் அந்தச் சொல் அவனுக்குச் சோறு போட வேண்டும்.

இன்னொன்று. டீசல் வண்டிகளிலும் தொட்டிக்குள் பம்பு உண்டு. கன்னெய் என்றால் அதற்கு வேறு சொல் தேட வேண்டுமா?

நெய்வேலி:

நான் சுரங்கத்தில் நீரிறைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் நிலக்கரி வெட்டுவதற்கு முன்னால் நீரை வெல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும், இரவு பகல் இறைத்தால்தான் தளம் நிற்கும். ஆகவே பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய அம்பாசடரில் பம்பு எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து அது உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. சித்திரை வெயிலில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும், வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுச் சாலையோரம் காத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். பம்பைத் தொட்டிக்குள் வைத்துவிட்டால் அது உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது. தள்ளும் குழாயில் அழுத்தம் கூடுதல், ஆவியாவது எளிதல்ல. பழைய வண்டியின் கார்புரேட்டருக்கு அரை பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம்கூடத் தேவையில்லை. இப்போதைய வண்டியில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு 3, 4 பார் வேண்டும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின் என்றால் இந்தப் பம்பு கொடுப்பதை வாங்கி நூறு பாருக்கு மேல் ஏற்ற இன்னொரு பம்பு எஞ்சின் மேல் இருக்கும்.

இதற்கு நம் விவசாயி ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்: நீர்மூழ்கி மோட்டார். போர் போட்டவர் யாரைக் கேட்டாலும் சொல்வார், தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினால் அதன் சுருள் (காயில்) எரிந்துவிடும். காரின் பம்பும் அதே சாதிதான். ஒரு வேறுபாடு உண்டு: நீர்மூழ்கி மோட்டாரில் தண்ணீர் உடம்பின் வெளியே உரசிக்கொண்டு போகும், இங்கே பெட்ரோல் மோட்டாரின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து சுருளையும் கார்பனையும் நனைத்துக்கொண்டு போகிறது. அதனால் 'தொட்டிமூழ்கி' என்று சொல்லலாமே.

முத்தியால்பேட்டை:

நீர்மூழ்கி ஏழாம் வேற்றுமைத் தொகை. நீரில் மூழ்குவது. தொட்டியில் எப்படி மூழ்கும்? நீர்மத்தில் மூழ்கலாம், கலத்தில் மூழ்க முடியுமா?

நெய்வேலி:

கிணற்றில் மூழ்கினான், குளத்தில் மூழ்கினான் என்கிறோமே ஐயா?

முத்தியால்பேட்டை:

அது இடவாகுபெயர். கிணறு அங்கே கிணற்று நீரைக் குறிக்கிறது. சரி, தொட்டிக்கும் அது செல்லும் என்று வைத்துக்கொண்டாலும் கலைச்சொல்லில் ஆகுபெயர் வேண்டாம் என்பது என் கருத்து.

வில்லியனூர்:

இவ்வளவு தூரம் போவதற்கு முன், பம்பு என்பதையே யாரும் கேட்கவில்லை. பம்புதல் தமிழ் வினை. அகராதியைத் திறங்கள்: செறிதல், பரவுதல், ஒலித்தல். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் அடிக்கும் பம்பை எங்கிருந்து வந்தது? பம்மென்று ஒலிப்பதால். பம்பரம்? சுழன்று இரைவதால். பம்புக்குள் என்ன இருக்கிறது? சுழலும் சக்கரம், இரைச்சல், நெருக்கித் தள்ளப்படும் நீர். மூன்றும் பம்பு என்ற வேரில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் டச்சுப் பக்கத்திலிருந்து போனது என்கிறார்கள். டச்சுக்காரர்கள் கடலூருக்கும் வந்தார்கள், புதுச்சேரியையும் 1693இல் பிடித்து ஆறு ஆண்டு வைத்திருந்தார்கள். கப்பலில் நீர் இறைக்கும் கருவிக்கு நம் துறைமுகத்தில் கேட்ட சொல்லை எடுத்துப் போயிருக்க முடியாதா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

ஐயா, டச்சுக்காரர் இந்தக் கரைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ஐரோப்பாவில் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது. ஒலி ஒத்திருப்பது உறவாகாது. மறுபக்கமும் பார்க்கலாம்: நம் ஏற்றத்துக்கு வெள்ளைக்காரர்கள் பிக்கோட்டா என்று போர்த்துக்கீசியச் சொல்லை வைத்து எழுதினார்கள். அதனால் ஏற்றம் போர்த்துக்கீசியருடையது ஆகிவிடவில்லை. புதுச்சேரியில் சமையலறையைக் குசினி என்கிறோம், அதுவும் போர்த்துக்கீசிய வழி வந்ததுதான். அதில் பொங்குவது நம் சோறு. பம்பு வெளியிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டே வைத்துக்கொள்ளலாம்.

நான் ஈழத்தில் படித்தவள். எங்கள் பாடநூல்களில் 'பம்பி'. நீர்ப்பம்பி, எரிபொருட் பம்பி. இகர விகுதி சேர்த்தவுடன் அது கருவிப் பெயர்போல உட்கார்ந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

வில்லியனூர்:

இகரம் சேர்கிறது என்றால் பம்பு வினை என்றுதானே பொருள்? அம்மா என் பக்கம்தான் பேசியிருக்கிறார். பம்பையைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்:

மூழ்கி என்பதில் எனக்கு ஒரு தயக்கம். அடகு வைத்த நகை மூழ்கிப்போனது என்கிறோம், கடனில் மூழ்கினான் என்கிறோம். கடையில் ஒருவர் வந்து 'பம்பு மூழ்கி' என்றால் பம்பு நாசமாகிவிட்டது என்றுதான் என் காதில் விழும்.

நெய்வேலி:

நீர்மூழ்கி மோட்டார் என்று விவசாயி சொல்லும்போது அப்படி விழுவதில்லையே. முன்னால் நின்று பம்பைச் சிறப்பிக்கும் இடத்தில் வைத்தால் போதும்: 'மூழ்குபம்பு'. வினைத்தொகை. மூழ்கிய, மூழ்குகின்ற, மூழ்கும். முக்காலமும் மூழ்கியே இருக்க வேண்டிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது.

முத்தியால்பேட்டை:

அந்த வாதம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. அப்படியானால் 'மூழ்கெக்கி' என்று சொல்லுங்கள். மூழ்கு + எக்கி, குற்றியலுகரம் கெட்டுச் சேரும். ஒரே மூச்சில் வருகிறது. தமிழும் கெடாது.

மஞ்சக்குப்பம்:

எல்லோருக்கும் நன்றி. இதற்கிடையில் வண்டிக்காரரிடம் ஒன்று கேட்டேன், அது இங்கே பயன்படும். அவர் கடலூரில் இருப்பவர். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் இங்கே போடுவதே இல்லை. ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் ஓட்டி, வேலையாக அந்தப் பக்கம் போகும்போது முள்ளோடை தாண்டி பங்க்கில் நிரப்புவார். வருடக்கணக்கில் இப்படி. நம்மில் பலர் செய்வதுதான். தொட்டியில் அடிமட்டத்தில் பெட்ரோல் இருக்கும்போது பம்பின் பாதி உடம்பு வெளியே நிற்கும், சூடேறும். வேகமாகத் திருப்பத்தில் போனால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி அடிப்பகுதியும் காற்றை இழுக்கும். அதற்காகத்தான் பம்பைச் சுற்றி ஒரு சின்னக் குடுவையை வைத்து அதில் எப்போதும் பெட்ரோல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இந்த வகை வண்டியில் அது கட்டாயம். ஆனால் தொட்டியே வற்றினால் குடுவை என்ன செய்யும்? பம்பு போனதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கார்பன் எப்படியும் தேயும். ஆனால் இது ஆயுளைக் குறைத்திருக்கும்.

நேற்று வகுப்பில் பலகையில் மூன்று சொல் எழுதினேன்: உள்ளெக்கி, எரிபொருட் பம்பி, மூழ்குபம்பு. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முதலில் 'பத்திக்காதா' என்று கேட்ட அதே பையன் மூன்றாவதைப் படித்துவிட்டு, "அப்போ ரிசர்வ்ல ஓட்டுனா அது மூழ்கி இருக்காதே சார்?" என்றான். வண்டிக்காரரின் கதையை நான் இன்னும் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை.

அதனால் பாடக்குறிப்பில் 'மூழ்குபம்பு' போகிறது. இங்கே ஆதரித்தவர் மூவர், கடைக்காரர் அண்ணன் தொலைபேசியில் "சரி, பம்பு இருக்கிறதல்லவா, போடுங்கள்" என்றார். முத்தியால்பேட்டை ஐயாவின் 'மூழ்கெக்கி'யையும் அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் சேர்த்தே அச்சிடுகிறேன். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றாமல் மூடக் கூடாது என்ற பத்தியையும் சேர்த்துவிட்டேன்: பழைய ரப்பர் பெட்ரோலில் ஊறிப் புடைத்திருக்கும், தவிட்டில் உட்காராது, பின் இருக்கையில் பெட்ரோல் வாடை நிற்காமல் வரும்.

லாஸ்பேட்டை:

தவிட்டிலா, தவாளிப்பிலா?

மஞ்சக்குப்பம்:

தவாளிப்பில்தான், வளையம் உட்காரும் பள்ளத்தில். அச்சுக்குப் போகும் படியில் திருத்திவிட்டேன். நன்றி அக்கா.

முத்தியால்பேட்டை:

மூழ்கு என்ற பாதிதானே அந்தப் பையனைக் கேட்க வைத்தது? பம்பு என்ற பாதி அல்லவே. எக்கி என்று எழுதியிருந்தாலும் கேட்டிருப்பான். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

மிதவைக் கம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். அளவு காட்டும் அந்தப் பகுதி முழுவதற்கும் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள், தம்பி?