ஃபென்சிங்ல (வாள்வீச்சு) சேபர்ங்கிற வாளுக்கு இடுப்புக்குக் கீழ ஏன் பாயின்ட் இல்ல? குதிரைக் கதையை நிறுத்துங்கப்பா

கத்திமுனை:
பவானி தேவி பத்தி ஒரு பதிவு சுத்திட்டு இருக்கு. டோக்கியோல துனிசியாவோட நாடியா பென் அசிசியை 15-3ன்னு ஜெயிச்சது, அடுத்து பிரான்ஸ் மனோன் ப்ரூனேகிட்ட 7-15ல தோத்தது, எல்லாம் சரியா எழுதியிருக்காங்க. கடைசில மட்டும் ஒரு வரி: "சேபர்ல இடுப்புக்கு மேல தான் அடிக்கணும், ஏன்னா அந்தக் காலத்துல குதிரைப்படை வீரன் எதிரியோட குதிரையை வெட்ட மாட்டான்." ஃபென்சிங் பத்தி யார் எழுதினாலும் இந்தக் குதிரை வந்து நிக்குது. யார் சொன்னது, எந்த விதிப்புத்தகத்துல இருக்கு? காட்டுங்க.

ஹுஸார்_மணி:
அந்தப் பதிவு நான் போட்டது தான். நேரா பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். சேபர்னா குதிரைப்படை வாள், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குதிரை மேல இருந்து பாத்தா எதிராளியோட இடுப்புக்கு மேல தான் தெரியும், அதனால அதுவே டார்கெட் ஆச்சு. எங்க கோச் சொன்னார், அவரோட கோச் அவருக்குச் சொன்னார்.

கத்திமுனை:
கோச் சொன்னார்ங்கிறது ஆதாரம் இல்ல மணி. குதிரை மேல உக்காந்தவனுக்கு தொடையும் முழங்காலும் வெளிப்பக்கம் தொங்குது, பக்கத்துல வர்றவன் கத்திக்கு முதல்ல எட்டுறதே அது தான். அதை விட்டுட்டு மேல மட்டும் வெட்டுவானா? போர்ல குதிரையை சாய்ச்சா ஆளும் சாய்ஞ்சான், இதுல என்ன மரியாதை பாக்குறது? 1889ல லண்டன்ல ஆல்ஃப்ரெட் ஹட்டன் எழுதின சேபர் பயிற்சிப் புத்தகத்துல காலுக்கு வெட்டுறதும், காலைப் பின்னால இழுத்துத் தப்பிக்கிறதும் பாடமாவே இருக்கு. அந்த ஹட்டன் குதிரைப்படைல இருந்தவர். அவருக்குத் தெரியாத குதிரை மரியாதை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

ஹுஸார்_மணி:
இங்கிலாந்துக்காரன் எழுதினதை வச்சு இத்தாலி சேபரை அளக்குறீங்க. இன்னைக்கு நாம ஆடுற சேபர் எங்கிருந்து வந்துச்சு? மிலான்ல ஜுசெப்பே ரடேலி. அவர் யாருக்கு சொல்லிக்கொடுத்தார்? குதிரைப்படை அதிகாரிகளுக்கு! வாளை மணிக்கட்டால சுத்தாம முழங்கையால சுத்தணும்னார், கனமான வாளை குதிரை மேல கட்டுப்படுத்தணும்னு தான். குதிரை இல்லாம ரடேலி இல்ல, ரடேலி இல்லாம சேபர் இல்ல.

எபே_பைத்தியம்:
ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கோங்க. எங்க எபே வாள்ல உச்சந்தலையில இருந்து கட்டைவிரல் வரைக்கும் பாயின்ட், ஏன்னா டூயல்ல (ஒத்தைக்கு ஒத்தை வாள் சண்டை) முதல் ரத்தம் எங்க வந்தாலும் ரத்தம் தான். பாதி உடம்பை மட்டும் அடிக்கிறதெல்லாம் விளையாட்டா?

கத்திமுனை:
எபே, உங்க கிட்ட யாரும் கேக்கல.

மணி, ரடேலி குதிரைப்படைக்குச் சொல்லிக்கொடுத்தார், சரி. அதுக்கும் இடுப்புக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவர் ஒலிம்பிக் விதி எழுதினாரா? அவர் வழில வந்த அந்த லேசான சேபரை வச்சு இத்தாலியிலயும் ஹங்கேரியிலயும் டூயல் போட்டவங்க தரையில ரெண்டு காலை ஊனி நின்னு தான் போட்டாங்க. குதிரை எங்க?

ஹுஸார்_மணி:
குதிரைப்படைக்காக உருவான வாள்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்புறம் என்ன பேச்சு.

கத்திமுனை:
நான் எங்க ஒத்துக்கிட்டேன்? வாள் எங்கிருந்து வந்துச்சுங்கிறது ஒண்ணு, டார்கெட் எங்கிருந்து வந்துச்சுங்கிறது வேற. டார்கெட்டை மனுஷங்க மேசையைச் சுத்தி உக்காந்து முடிவு பண்ணாங்க, அடிச்சுக்கிட்டாங்க, கோச்சுக்கிட்டுப் போனாங்க. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல ஃபாயில்ங்கிற மூணாவது வாளுக்கு மேல்கையையும் டார்கெட்ல சேர்க்கணும்னு பிரான்ஸ் கேட்டுச்சு, முடியாதுன்னதும் மொத்த வாள்வீச்சுப் போட்டியையும் புறக்கணிச்சுது. எபே கத்தி நீளத்தைக் கூட்டுங்கன்னு இத்தாலி கேட்டு அதுவும் நடக்கல, இத்தாலிக்காரங்க எபேல இறங்கவே இல்ல. இந்த லட்சணத்துல ஒலிம்பிக் நடத்த முடியாதுன்னு தான் 1913ல பாரிஸ்ல உலக வாள்வீச்சு சங்கமான எஃப்.ஐ.இ.யே ஆரம்பிச்சாங்க. ஒரு கை உள்ளயா வெளியவான்னு ஒரு நாடே வெளிநடப்பு பண்ற இடத்துல எந்தக் குதிரைய்யா வந்து கோடு போட்டுச்சு?

பிஸ்ட்_ஓரம்:
நான் சேபர் சொல்லிக்கொடுக்கிறவ. தொடையில ஒரு வெட்டு விழுந்தா எப்படி வரி வரியா சிவந்து நிக்கும்னு பசங்களைக் கேளுங்க. கீழ வெட்டப் போறவன் தலையைத் திறந்து விட்டுடுவான், அதனால காலை விட்டுட்டு தலை, மார்பு, கைன்னு ஆடினா ஆட்டம் சுத்தமா இருக்கும். பசங்களுக்கு நான் இப்படித் தான் சொல்லித்தர்றேன்.

ஹுஸார்_மணி:
அக்கா, அதுவும் ஒரு யூகம் தானே? அதை மட்டும் அவர் கேள்வி கேக்க மாட்டார்.

கத்திமுனை:
அவங்க வரலாறுன்னு சொல்லல, பசங்களுக்குச் சொல்லித்தர்ற விதத்தைச் சொன்னாங்க. நீங்க வரலாறுன்னு போட்டீங்க. நான் இன்னும் அதே இடத்துல நிக்கிறேன், குதிரைக்காக இந்த விதின்னு எழுதின ஒரே ஒரு பழைய விதிப்புத்தகம் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு.

ஹுஸார்_மணி:
ஹங்கேரிக்காரங்க சேபர்ல ஏன் ராஜா? ஹுஸார் குதிரைப்படை பரம்பரை, ரத்தத்துல இருக்கு. 1908ல இருந்து 1964 வரைக்கும் ஒலிம்பிக் தனிநபர் சேபர் தங்கம் அவங்களுக்குத் தான், ஒரே ஒரு தடவை தவிர. குதிரைக்கும் சேபருக்கும் சம்பந்தம் இல்லன்னு அவங்க கிட்ட போய் சொல்லுங்க.

கத்திமுனை:
அந்த ரத்தத்துல பாதி இத்தாலி ரத்தம். 1896ல புடாபெஸ்ட்டுக்கு வந்த இடாலோ சான்டெல்லி அங்கயே தங்கி சொல்லிக்கொடுத்தது தான் ஹங்கேரி சேபரோட அடித்தளம். அவர் ஹுஸாரும் இல்ல, ஹங்கேரியனும் இல்ல. ஹங்கேரியோட கெரெவிச் 1932ல இருந்து 1960 வரைக்கும் ஆறு ஒலிம்பிக்ல அணித் தங்கம் வாங்கினார், ஐம்பது வயசுல கூட. குதிரை ஓட்டியா வாங்கினார்? தினமும் பிஸ்ட்ல (ஆடுற மேடை) கால் தேய ஆடி வாங்கினார்.

சும்மா_பாக்குறேன்:
அந்த ஒரு தடவை எது?

ஹுஸார்_மணி:
1920 ஆன்ட்வெர்ப். இத்தாலியோட நேடோ நாடி. போர்ல தோத்த நாடுன்னு ஹங்கேரியை அந்த ஒலிம்பிக்குக்குக் கூப்பிடவே இல்ல, அதனால தான் அவருக்குக் கெடச்சுது.

கத்திமுனை:
நாடி அந்த ஒரே ஒலிம்பிக்ல அஞ்சு தங்கம் வாங்கினவர், ஃபாயில், சேபர் தனிநபர் ரெண்டும், மூணு ஆயுதத்துலயும் அணித் தங்கமும். ஹங்கேரி வரலன்னு அவரை சின்னதாக்காதீங்க.

எபே_பைத்தியம்:
அந்தக் காலத்துல சேபர் ஜெயிச்சதெல்லாம் நடுவர் புண்ணியம். நாங்க 1936 பெர்லின்லயே, தொட்டா விளக்கு எரியுற எலக்ட்ரிக் மெஷினுக்கு வந்துட்டோம். உங்களுக்கு எப்ப வந்துச்சு? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல! அதுவரைக்கும் நாலு பேர் சுத்தி நின்னு கையைத் தூக்குவாங்க. அது ஆட்டமா ஓட்டெடுப்பா?

பிஸ்ட்_ஓரம்:
எபேக்காரங்க மெஷினைப் பத்திப் பேசலாமா? 1976 மான்ட்ரியல்ல ஒனிஷ்சென்கோ கைப்பிடிக்குள்ள சுவிட்ச் வச்சு தொடாமலே விளக்கை எரிய விட்டாரே, அது எந்த ஆயுதம்?

எபே_பைத்தியம்:
அது மாடர்ன் பென்டத்லான், அஞ்சு விளையாட்டு சேர்ந்த போட்டி! ஃபென்சிங் போட்டியே இல்ல. எத்தனை தடவை சொல்றது.

பிஸ்ட்_ஓரம்:
கையில இருந்தது எபே தானே?

எபே_பைத்தியம்:
பென்டத்லான்.

பிஸ்ட்_ஓரம்:
எபே.

ஹுஸார்_மணி:
2012 லண்டனும் எபே தான். கடிகாரத்துல கடைசி ஒரு செகண்ட் முடியாம நின்னு, கொரியாவோட ஷின் ஆ லாம் பிஸ்ட்லயே உக்காந்து அழுதாங்க. மெஷின் இருந்து என்ன பண்ணுச்சு?

கத்திமுனை:
மணி, எபே பக்கம் ஓடாதீங்க. புத்தகம் எங்க?

ஹுஸார்_மணி:
போன மாசமும் இதையே தான் பண்ணீங்க, ஃபாயில் முனையில பூ மொட்டு மாதிரி குமிழ் இருந்துச்சுன்னு நான் சொன்னதுக்கு மூணு நாள் ஆதாரம் ஆதாரம்னு குடைஞ்சீங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு யாரும் புத்தகம் தேட மாட்டான்.

கத்திமுனை:
எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு சொல்றதுல தான் இந்த விளையாட்டோட வரலாறு பாழாப் போகுது. நாளைக்கு ஒரு புள்ள பவானியைப் பாத்து சேபர் கத்துக்க வருவா, ஏன் இடுப்புக் கோடுன்னு கேப்பா, அவளுக்குக் குதிரைக் கதை சொல்லி அனுப்புவீங்களா? 1912 சண்டையைச் சொல்லுங்க, ரடேலியைச் சொல்லுங்க, சான்டெல்லியைச் சொல்லுங்க, எவ்ளோ இருக்கு சொல்ல! காலுக்கு வெட்டு இருந்த காலமும் உண்டு, இல்லாத காலமும் உண்டுன்னு சொல்லுங்க.

ஹுஸார்_மணி:
நான் குதிரைன்னு தான் சொல்லுவேன். பதிவையும் மாத்த மாட்டேன்.

சும்மா_பாக்குறேன்:
அந்த நாலு பேர் கையைத் தூக்குறதுன்னு சொன்னீங்களே, ரெண்டு ரெண்டா பிரிஞ்சா என்ன பண்ணுவாங்க?

பிஸ்ட்_ஓரம்:
ஒரு ஆளோட உடம்பைப் பாக்க ரெண்டு பேர் தான். ஆளுக்கு ஒரு ஓட்டு, நடுவருக்கு ஒண்ணரை. அந்த ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா நடுவர் ஒண்ணும் பண்ண முடியாது, பிரிஞ்சா அவர் சொல்றது தான்.

எபே_பைத்தியம்:
ஒண்ணரை ஓட்டு! இதை வச்சுக்கிட்டு தான் 56 வருஷம் ராஜாவாம்.

ஹுஸார்_மணி:
கெரெவிச் பேரைச் சொல்ல உங்களுக்குத் தகுதி இல்ல.

எபே_பைத்தியம்:
நான் எங்கய்யா கெரெவிச் பேரைச் சொன்னேன்? கத்திமுனை தான் சொன்னார்.