லைவ் ஆல்பத்தில் கைவைத்தால் அது லைவா?

கேசட்காலம்:
முதலில் என் கதை, சண்டை அப்புறம். 80களின் கடைசியில் மெட்ராஸில் ஒரு கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் எல்பி இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார்கள். நான் டீப் பர்ப்பிள் என்ற ராக் பேண்டின் லைவ் ஆல்பம் 'மேட் இன் ஜப்பான்' வேண்டுமென்று கேட்டேன். மொத்தம் 76 நிமிடம், 90 நிமிட கேசட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் கடைக்காரர் அப்படியே ஓடவிட்டுவிட்டார் போல, முதல் பக்கம் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' முடியப்போகிற இடத்தில் டக்கென்று நின்றுவிடும். இயன் கில்லன் குரலும் ரிச்சி பிளாக்மோர் கிட்டாரும் ஒன்றையொன்று சீண்டி விளையாடுவது முழுக்க இருக்கும், பாட்டு எப்படி முடிகிறது என்பது மட்டும் இருக்காது. பல வருஷம் கழித்து சிடி வாங்கிய அன்றுதான் அந்தப் பாட்டின் கடைசி நிமிடத்தைக் கேட்டேன். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் விரல் தானாக கேசட்டைத் திருப்பப் போகிறது.

அந்த ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே ஒரு பேச்சு உண்டு. மானிட்டரில் (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற ஸ்பீக்கர்) இன்னும் கொஞ்சம் சத்தம் வை என்று ஆரம்பித்து, 'எல்லாத்தையும் விட எல்லாத்தையும் சத்தமா வை' என்று கில்லன் ஒலிக்காரரிடம் சொல்வார். மோட்டர்ஹெட் 1999இல் அதையே கொஞ்சம் மாற்றித் தங்கள் லைவ் ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். இந்த மாதிரிச் சமாச்சாரங்களுக்காகத்தான் நான் லைவ் ஆல்பம் கேட்பதே. மேடையில் நடந்தது நடந்தபடி, மேலே எதுவும் பூசாமல். தின் லிஸி, ஜூடாஸ் பிரீஸ்ட் மாதிரி பேண்டுகள் எல்லாம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுவிட்டு லைவ் என்று விற்றது ஏமாற்று வேலை. அவ்வளவுதான்.

மூணாவது வரிசை:
அண்ணா, கேசட் கதை அருமை. ஆனால் 'நடந்தது நடந்தபடி' என்று நீங்கள் சொல்லும் அந்த ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோமே. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ புடோகான். மூன்று இரவு பதிந்து, அதிலிருந்து பொறுக்கியெடுத்த ஏழு பாட்டு. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் முதல் இரவிலிருந்து வந்தது, ஏனென்றால் பிளாக்மோர் அந்தத் தொடக்க ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) ஒழுங்காக வாசித்தது அன்றைக்கு மட்டும்தானாம். 'தி மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ. ஆக, நீங்கள் கேட்கும் அந்தக் கச்சேரி எந்த ஊரிலும் எந்த ராத்திரியும் நடக்கவே இல்லை. அட்டைப் படம்கூட ஜப்பான் இல்லை, லண்டன் கச்சேரியில் எடுத்தது! பிசிறு தட்டிய ரிஃபைத் தூக்கிவிட்டு நல்லதை வைத்தால் அது நேர்மை, பிசிறு தட்டிய வரியைத் திரும்பப் பாடினால் அது ஏமாற்றா? இரண்டுமே தப்பை மறைக்கிற வேலைதானே.

கேசட்காலம்:
இல்லை தம்பி, இரண்டும் ஒன்றில்லை. எந்த இரவாக இருந்தாலும் ஆள்கள் மேடையில் நின்று, எதிரே கூட்டம் இருக்கும்போது, ஒரே மூச்சில் வாசித்தது அது. அடுத்த நொடி சொதப்பலாம் என்ற பயம் அந்தக் கையில் இருக்கிறது. ஸ்டூடியோவில் டீ குடித்துக்கொண்டு பத்தாவது தடவை பாடுகிறவனுக்கு அந்தப் பயம் ஏது? தின் லிஸியின் 1978 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள். அதைத் தயாரித்த டோனி விஸ்கான்டியே முக்கால்வாசி ஸ்டூடியோவில் செய்தது என்று சொல்லிவிட்டாரே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மூணாவது வரிசை:
அதே கணக்கை அந்த பேண்டுக்காரர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள், முக்கால்வாசி லைவ், கால்வாசிதான் ஒட்டு என்று. ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. கேட்கிற உங்களுக்கோ எனக்கோ காதால் பிரித்துச் சொல்ல முடிகிறதா? முடியாது என்றால் எதற்கு இந்தக் கோபம்? பிரீஸ்ட் கதை இன்னும் சுலபம். 1979 பிப்ரவரியில் டோக்கியோவில் பதிந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபர்டுக்கு உடம்பு சரியில்லை, குரல் போய்விட்டது, அதனால் பிறகு ஸ்டூடியோவில் பாடினார். 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' என்ற ஆல்பத்தின் பெயரையே 'அன்லீஷ்ட் இன் த ஸ்டூடியோ' என்று ஆள்கள் கேலி செய்தார்கள். சரி, கேலி செய்துகொள்ளட்டும். அதில் அந்த இரண்டு கிட்டாரும் பாய்கிற பாய்ச்சலைக் கேட்டீர்களா? காய்ச்சல் குரலோடு விட்டிருந்தால் இன்றைக்கு நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம்.

நாலு தந்தி:
பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் நடுவே நுழைகிறேன், மன்னிக்கவும். உங்கள் இரண்டு பேரையும் குழப்பப் போகிறேன்.

தி ஹூ பேண்ட் 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் வாசித்தார்கள். மறுநாள் ஹல் நகரத்தில். இரண்டையும் பதிந்தார்கள். முதலில் ஹல் கச்சேரிதான் ஆல்பமாக வரவேண்டியது, ஆனால் டேப்பைப் போட்டுப் பார்த்தால் முதல் சில பாட்டுகளில் ஜான் என்ட்விசிலின் பேஸ் பதியவே இல்லை. அதனால் லீட்ஸ் ஆல்பமானது, சரித்திரமானது, ஹல் பெட்டிக்குள் போனது. நாற்பது வருஷம் கழித்து 2010இல் ஹல் வெளிவந்தபோது அந்த ஓட்டையை எப்படி அடைத்தார்கள் தெரியுமா? முந்தின நாள் லீட்ஸில் என்ட்விசில் வாசித்த பேஸை எடுத்து ஹல் டேப்பில் பொருத்திவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். அவர்தான் வாசித்தார், மேடையில்தான் வாசித்தார், கூட்டத்துக்கு முன்னால்தான் வாசித்தார். ஆனால் வேறு ஊர், வேறு நாள், டிரம்மர் கீத் மூன் அடித்த வேறு அடிக்கு. அது லைவா?

நான் ஹெட்போன் போட்டு மூன்று தடவை கேட்டேன், தையல் போட்ட இடம் தெரிகிறதா என்று. தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்! மூன் மாதிரி ஒரு ஆள் டிரம்ஸில் இருந்தால் பேஸ்காரன் ஒவ்வொரு ராத்திரியும் அவர் பின்னாலேயே ஓடவேண்டும், அப்படியும் ஒரு நாள் ஓடியது அடுத்த நாளுக்குப் பொருந்துகிறது என்றால் அவர்கள் வெளியே தெரிந்த அளவுக்குத் தறிகெட்டு வாசிக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

கேசட்காலம்:
இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் ஹல்லை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. லீட்ஸ்தான் என் கட்சிக்கு ஆதாரமே. அந்த எல்பியின் லேபிளில் என்ன எழுதியிருக்கும்? 'கரகரப்புச் சத்தம் பரவாயில்லை, சரிசெய்ய வேண்டாம்' என்று கையால் எழுதியிருக்கும். டேப்பில் விழுந்த சத்தம் அது. மறைக்கவில்லை, உன் எல்பி பழுது இல்லை, எங்கள் பதிவில் இருப்பதுதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அட்டையும் திருட்டு எல்பி மாதிரி சாதாரண பழுப்பு அட்டை, மேலே ஒரு முத்திரை. ஆண்பிள்ளைத்தனம் என்று சொல்ல வந்தேன், வீட்டில் மகள் படிப்பாள், நேர்மை என்றே வைத்துக்கொள்வோம்.

மூணாவது வரிசை:
அண்ணா, இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அந்த லீட்ஸ் ஆல்பத்தில் பின்னணிக் குரல்கள் மேடையில் சரியாகப் பதியவில்லை. பீட் டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் பிறகு ஸ்டூடியோவில் பாடிச் சேர்த்தார்கள்.

கேசட்காலம்:
ஒரே டேக்கில் பாடினார்கள்.

மூணாவது வரிசை:
ஸ்டூடியோவில்தானே பாடினார்கள்? டீ குடித்துக்கொண்டு?

நாலு தந்தி:
😂

பாலஸ் கிரவுண்ட்ஸ் புழுதி:
நீங்கள் எல்லாரும் டேப்பைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், நான் நேரில் போன ஒன்றைச் சொல்கிறேன். 2007 மார்ச் 17, அயர்ன் மெய்டன் முதல் தடவையாக இந்தியா வந்தது, பெங்களூர் பாலஸ் கிரவுண்ட்ஸ். சென்னையிலிருந்து நாங்கள் ஆறு பேர் ரயிலில் போனோம், பிரிக்கப்படாத புளியோதரைப் பொட்டலத்தோடு. வாசலில் பையைச் சோதித்தவர் பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடித் தந்தார். முதலில் பரிக்ரமா என்ற இந்திய பேண்ட் வாசித்தார்கள். இருட்டிய பிறகு மெய்டன் வந்ததும் கூட்டம் ஒரே நேரத்தில் குதித்ததில் மைதானத்து மண் எழும்பி, மேடை விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக நின்றது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 'ஸ்க்ரீம் ஃபார் மீ, பெங்களூர்' என்று கத்த, என் பக்கத்திலிருந்த நண்பன் 'நாங்க மெட்ராஸ்டா' என்று திருப்பிக் கத்தினான். அவருக்குக் கேட்டிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷமாக எல்லாரிடமும், அவன் அப்படிக் கத்தியது கடைசிப் பாட்டில், நாங்கள் மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து போனில் பதிந்த ஒரு துண்டு, 38 நொடி, பழைய மெமரி கார்டில் கிடைத்தது. போட்டுப் பார்த்தால் பாதி இருட்டு, பாதி எவனோ ஒருவனின் பின்மண்டை. மேடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. பாட்டு என்னவென்றே புரியவில்லை, பேஸ் வரும்போதெல்லாம் மைக் 'பர்ர்ர்' என்கிறது. என் நினைவில் இருப்பதுதான் நல்ல ஒலித்தரத்தில் இருக்கிறது, அண்ணா. அதை நானே ஸ்டூடியோவில் உட்கார்ந்து கலந்திருக்கிறேன் போல. அதனால் தின் லிஸி மேல் எனக்குக் கோபமே வரமாட்டேன் என்கிறது.

மூணாவது வரிசை:
கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணா, சாட்சி என் பக்கம்.

நாலு தந்தி:
உன் பக்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஜானி கேஷ் 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறைச்சாலையில் பாடிய ஆல்பம் தெரியும்தானே, ராக் இல்லைதான், ஆனால் ராக் கேட்கிறவன் வீட்டில் எல்லாம் இருக்கும். அதில் 'ரீனோவில் ஒருவனைச் சுட்டேன், அவன் சாவதைப் பார்ப்பதற்காகவே' என்ற வரி வந்ததும் கைதிகள் ஹோ என்று ஆர்ப்பரிப்பார்கள். உடம்பு சிலிர்க்கும். அந்த ஆர்ப்பரிப்பு பிறகு சேர்த்தது. காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வரிக்குக் கைதட்ட எந்தக் கைதிக்குத் தைரியம் வரும்? உண்மையில் அந்த இடத்தில் அடக்கி வாசித்தார்கள். ஹால்ஃபர்ட் தன் தொண்டையைத் தானே சரிசெய்தார், அது அவர் சொத்து. இங்கே அடுத்தவன் வாயில் சத்தத்தைத் திணித்திருக்கிறார்கள்.

மூணாவது வரிசை:
ம். இது எனக்குத் தெரியாது. அந்த இடத்துக்காகவே நான் அதைப் போட்டுக் கேட்பேன்.

கேசட்காலம்:
தந்தி சொன்னது சரி, இதில் கோடு போடலாம் போலிருக்கிறது. பாடகன் தன் வரியைத் திருத்தினால் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுகிறேன் (முணுமுணுப்பேன், அதை யாரும் தடுக்க முடியாது). ஆனால் கூட்டத்தைத் தொடக்கூடாது. ஏனென்றால் கூட்டத்தில் இருப்பவனுக்கு இரண்டாவது டேக் கிடையாது. ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 மேடிசன் ஸ்கொயர் கார்டன் ஆல்பத்தில் ஒரு பெண் 'பெயின்ட் இட் பிளாக், யூ டெவில்' என்று கத்துவாள், பேண்டோ அதைக் கண்டுகொள்ளாமல் 'சிம்பதி ஃபார் த டெவில்' தொடங்கிவிடும். மிக் ஜாகர் அந்த ஆல்பத்துக்குச் சில இடங்களில் திரும்பப் பாடியிருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணை யாரும் திரும்பக் கூப்பிட்டுக் கத்தச் சொல்லவில்லை. ஆல்மேன் பிரதர்ஸின் ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பத்திலும் ஒருவன் 'விப்பிங் போஸ்ட்' என்று கத்துவான். அடுத்து அதையே வாசிக்கப்போகிறார்கள், சரியாகச் சொன்னாய் என்கிற மாதிரி டுவேன் ஆல்மேன் பதில் சொல்வார். அது 1971 மார்ச். அக்டோபரில் டுவேன் இறந்துபோய்விட்டார்.

மூணாவது வரிசை:
கூட்டத்தைத் தொடக்கூடாது என்பதற்கு ஒத்துக்கொள்கிறேன். லீட்ஸ் பின்னணிக் குரலை நீங்கள் ஒத்துக்கொண்டால்.

கேசட்காலம்:
ஒரே டேக்.

பாலஸ் கிரவுண்ட்ஸ் புழுதி:
நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அந்த 38 நொடியை ஹெட்போனில் மறுபடி கேட்டேன். பாட்டுக்கு அடியில் ஒரு குரல் இருக்கிறது, 'டேய், புளியோதர பை யார்ட்ட இருக்கு'. நான்தான் கேட்டிருக்கிறேன். அப்புறம் பதினைந்தாவது நொடியில் ஒருவன் 'நாங்க மெட்ராஸ்டா' என்கிறான். ஆனால் அது கடைசிப் பாட்டாக இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் புளியோதரை இன்னும் தீரவில்லை.

கேசட்காலம்:
தம்பி, அந்தத் துண்டை அனுப்பு. எதையும் வெட்டாமல் அனுப்பு.

நாலு தந்தி:
பேஸை மட்டும் நான் போட்டுத் தரட்டுமா?