படுத்த எருது நெட்ஸுகே, 9,000 ரூபாய்: தந்தமா, ரெசினா?

தண்டையார்பேட்டை_வாசி:
மூர் மார்க்கெட்டில் ஒரு கடையில் 4 செ.மீ. எருது நெட்ஸுகே, அதாவது ஜப்பானியக் குட்டிச் செதுக்குப் பொம்மை. அடியில் இரண்டு ஓட்டை, கட்டத்துக்குள் இரண்டு ஜப்பானிய எழுத்து. "பழைய ஜப்பானியச் சிற்பி தோமோதாதா செஞ்சது, தந்தம்" என்கிறார் கடைக்காரர். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கலாமா? நம்ம பக்கத்து உப்புக்காற்றில் எப்படி வைப்பது?

பத்துமடங்கு_லென்ஸ்:
ஊசி வேண்டாம் சார். தந்தம், எலும்பு இரண்டுக்கும் அதே முடி கருகுற வாடைதான், தழும்புதான் மிச்சம். 10 மடங்கு லென்ஸில் அடிப்பக்கம் பாருங்க. குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்ளும் வலைக்கோடு இருந்தால் தந்தம். வெளிவிளிம்பு ஓரமாக அந்தக் கோணம் 115 டிகிரிக்கு மேல் என்றால் யானை, 90க்குக் கீழ் என்றால் மாமத், அழிந்துபோன பழங்கால யானையினம். பொடிப்பொடி கரும்புள்ளி எலும்பு. காற்றுக்குமிழியோ அச்சுக்கோடோ தெரிந்தால் ரெசின், அதாவது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மாதிரிப் பொருள். ரெசினிலும் கோடு போடுறாங்க, ஆனால் ஒரே திசையில்தான் ஓடும்.

அப்புறம் ஓட்டை. ஜப்பானிய அங்கி கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையை இடுப்புக் கச்சையில் தொங்கவிடத்தான் நெட்ஸுகே. ஓட்டையில் கோத்த கயிற்றின் முடிச்சு உள்ளே மறையணும் என்று பழசில் பெரும்பாலும் ஒரு ஓட்டை பெரிசாக இருக்கும், கயிறு உரசி விளிம்பும் மழுங்கியிருக்கும். இரண்டும் ஒரே அளவு, விளிம்பும் கூர்மை என்றால் சந்தேகப்படுங்க.

கச்சை_முடிச்சு:
கையெழுத்துக்குக் காசு கொடுக்காதீங்க. கியோட்டோ தோமோதாதாவின் எருதுக்கு அவர் காலத்திலேயே போலி மலிந்துபோச்சு. 1781இல் ஒஸாகாவில் வந்த 'ஸோகென் கிஷோ' நூலே அதைச் சொல்லுது.

பெரிய சிக்கல் வேற. போலி என்றால் பணம் போச்சு, அசல் தந்தம் என்றால் வழக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் வந்த திருத்தம், இறக்குமதித் தந்த வியாபாரத்தையும் தடுத்துவிட்டது. பாக்ஸ்வுட் மரத்தில் செய்ததைத் தேடுங்க, ஜப்பானில் 'ட்ஸுகே' என்பாங்க. நல்ல செதுக்கல் நிறைய அதில்தான் இருக்கு.

மரத்துக்கு எதிரி உப்பைவிட ஈரம் ஏறி இறங்குவதுதான். ராத்திரி ஏசி, பகலில் திறந்த ஜன்னல் என்றால் விரிசல் விடும். மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஈரமானி, 50 சதவீதம் பக்கமாக நின்றால் போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் அளவுக்கு மீறிக் காயும். தேங்காயெண்ணெய் தடவவே கூடாது, தூசி ஒட்டிக் கறுத்துடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

தண்டையார்பேட்டை_வாசி:
இரண்டு ஓட்டையும் ஒரே அளவுதான். வயிற்றோரம் ஒரு கோடு நகத்தில் தட்டுது.

பத்துமடங்கு_லென்ஸ்:
அச்சு சேர்ந்த இடம் அது. ரெசின்தான். 300 ரூபாய் கொடுத்தால் அதிகம்.